சந்திரகலாவின் ஐந்து மாதங்கள்

"1996 ஜூன் முதல் அக்டோபர் முடிய மேற்படி நபர் பணிபுரிந்ததற்கான ஆதாரம் ஏதும் இல்லை. எனவே அவரது பணியில் இடைவெளி ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது."

இந்த இரண்டு வரிகளை எழுதியவர் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் சக்கரவர்த்தி. மேற்படி நபர் என்பது சந்திரகலா. 2006 மார்ச்சில் ஒரு நாள் காலை, கோப்பில் இதைப் படித்ததும் எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

கருதப்படுகிறதாம். யார் கருதியது? அரசாங்கத் தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற வசதி வேறெதற்கும் கிடையாது. செய்தவர் பெயர் இருக்காது, செய்த காரியம் மட்டும் இருக்கும். அந்த ஐந்து மாத வருகைப் பதிவேட்டைத் தொலைத்தது அலுவலகம். தொலைத்துவிட்டு, அதில் கையெழுத்துப் போட்டவள் வேலைக்கே வரவில்லை என்று கருதிக்கொண்டதும் அதே அலுவலகம். கோப்பைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வீசலாம் போல இருந்தது. நான் வீசவில்லை. அந்தக் கதையும் இதில் வரும்.

என் பெயர் சரோஜா. தேர்வு எழுதி நிரந்தர வேலைக்கு வந்த உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு முளைத்தவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போளூர் ரோட்டில் ஒரு வாடகை மாடியில் இருந்தோம். இரண்டாயிரத்தில் வேங்கிக்காலில் சொந்தக் கட்டிடத்துக்குப் போனோம்.

வாடகை மாடியில் இருந்தபோதே எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்து ஆறு மாதம் துணி போர்த்திக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வேறு. நிரந்தர ஊழியர்கள் பதினோரு பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் அந்த வேலை நம் தலையில் விழுந்துவிடும் என்கிற பயம்தான், எனக்கும் சேர்த்து. கடைசியில் 1993 பிப்ரவரியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து சந்திரகலாவைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சிலும் ஹையர் பாஸ் செய்தவள். அப்போது இருபத்திரண்டு வயது. என் மேசைக்குப் பக்கத்து மேசையைக் கொடுத்தார்கள்.

அவளைப் போல வேலை செய்கிறவளை நான் பார்த்ததில்லை. பௌர்ணமியன்று ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள். அவள் புறவழியிலேயே இறங்கி, கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். எது அடித்தாலும் இடது கீழ் மூலையில் தன் பெயரைச் சுருக்கி 'சக/' என்று போடுவாள். யார் அடித்தது என்று தெரிவதற்காகத் தட்டச்சுப் பள்ளியில் சொல்லித்தந்த பழக்கம். நல்ல சொல்தான், சக ஊழியர் என்கிறோமே, அந்தச் சக. மாதத்துக்கு ஒரு ஃபிளாப்பி என்று கணக்காக வைத்து, மேலே மாதமும் வருஷமும் எழுதி ஒட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்குவாள்.

வேங்கிக்காலுக்கு மாறிய அன்று மழை. தார்ப்பாய் இல்லாத லாரியில் பதிவேடுகளை அள்ளிப் போட்டார்கள். எத்தனை கட்டு வந்து சேர்ந்தது, எத்தனை வழியில் விழுந்தது என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. ஃபிளாப்பி டின்னைக் குப்பையில் போடச் சொன்னார்கள், புது மெஷின் வருகிறது, இது எதற்கு என்று. அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அப்புறம் அந்த உத்தரவு வந்தது. பத்து வருஷம் தொடர்ந்து தினக்கூலியாக வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கலாம் என்று. சந்திரகலாவுக்குப் பதின்மூன்று வருஷம். ஆனால் 96-ல் ஐந்து மாதம் இடைவெளி என்றால் கணக்கு அங்கே அறுந்துவிடும். நவம்பரிலிருந்து புதிதாக எண்ணினால் ஒன்பது வருஷம், சொச்சம். நிரந்தரம் கிடையாது. அத்தோடு போகாது, தகுதி இல்லாதவர்களை ஜூன் கடைசியோடு நிறுத்திவிட வேண்டும் என்று அதே உத்தரவில் இன்னொரு பத்தியும் இருந்தது. அவள் புருஷன் கடலைக் கொல்லையில் போட்ட பணமெல்லாம் போய், மகள் கவிநிலா எட்டாவது படித்துக்கொண்டிருந்த சமயம். அந்த ஐந்து மாதம் கிடைத்தால் வாழ்க்கை, கிடைக்காவிட்டால் தெரு.

"பழைய லெட்டர் காப்பி எதிலயாவது என் இனிஷியல் இருக்குமேக்கா," என்றாள்.

தேடினோம். இந்த மாதிரிக் கோப்புகளை மூன்று வருஷத்தில் அழித்துவிட வேண்டும் என்பது விதி. எந்த விதியையும் மதிக்காத எங்கள் அலுவலகம் இந்த ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்திருந்தது.

"அப்போ ஃபிளாப்பிதான்," என்றாள். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அதுல ஒரு விஷயம் இருக்குதுக்கா."

விஷயம் இதுதான். அதற்கு முன் வருஷங்களில் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பொட்டு வைப்போம். 96 மே மாத ஃபிளாப்பி கெட்டுப்போய் அவள் ஒரு வாரம் திட்டு வாங்கியிருந்தாள். அதனால் அந்த வருஷப் பூஜையில் ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்குமான ஐந்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தகட்டு மூடியையும் விரலால் தள்ளித் திறந்து, உள்ளே தெரிகிற கறுப்பு வட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். மேலே பிளாஸ்டிக்கில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"எழுத்து இருக்கிற இடம் உள்ளதானக்கா. அங்க வச்சாதான சரினு நெனச்சேன்."

மறுநாள் போட்டுப் பார்த்தால் ஐந்தும் படிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் புது ஃபிளாப்பி எடுத்துக்கொண்டாள். பத்து வருஷமாக அவற்றைத் திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. டின்னில் இருந்த ஏழு வருஷ ஃபிளாப்பிகளில் அந்த ஐந்துக்குத்தான் இந்தக் கதி. அந்த ஐந்து மாதம்தான் இப்போது வேண்டும்.

என்னிடம் ஒரு குணம் உண்டு, கோபம் வந்தால் கை முந்தும். "இப்படிக் குடு, நான் பாக்கறேன்," என்று அக்டோபர் ஃபிளாப்பியைப் பிடுங்கி என் மெஷினில் சொருகினேன். கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் பாய்ந்து பொத்தானை அழுத்தி வெளியே எடுத்தாள். மூடியைத் தள்ளிப் பார்த்தபோது, காய்ந்த சந்தனம் இருந்த வட்டத்தில் மெல்லிசாக ஒரு கோடு. அவள் அதை டின்னில் வைத்து மூடினாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

சின்னக்கடைத் தெருவில் ஹபீப் முகம்மது என்றொருவர் கடை வைத்திருந்தார். டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஊரில் மற்ற சென்டர்களில் ஃபிளாப்பியைப் பார்த்ததும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. மூடியைத் தள்ளி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஃபிளாப்பியா, கோயில் பிரசாதமா?" என்றார். பிறகு அக்டோபரைப் பார்த்துவிட்டு, "இத எவன் மெஷின்ல வுட்டது?" என்று சத்தம் போட்டார்.

"நான்தான் பாய்," என்றேன்.

"அழுக்கோட உள்ள வுட்டா, படிக்கிற முள்ளு அப்படியே மேல்பூச்ச வழிச்சினு போயிடும். இனிமே கழுவாத ஒன்னயும் சொருகக் கூடாது. சொருகினா நான் கடைய சாத்திட்டு போயிடுவேன்."

அடுத்த ஏழு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தக் கடையில் கிடந்தோம். பாய் பிளேடால் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிரித்து, உள்ளேயிருக்கிற மெல்லிய வட்டை நடுவிலிருக்கும் இரும்பைப் பிடித்துத் தூக்குவார். சந்திரகலா வாங்குவாள். கார் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் குழந்தைக்குப் போடும் ஷாம்பு ஒரே ஒரு சொட்டு. அதில் மெல்லிய துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுப்பாள். தேய்க்கக் கூடாது. பத்து வருஷச் சந்தனம், லேசில் விடவில்லை. பிறகு வெறும் தண்ணீரில் அலசி, அப்பளம் மாதிரி நிழலில் காயவைத்து, புது ஃபிளாப்பியின் உறையைப் பிரித்து அதற்குள் இதை வைத்து மூடுவார்கள். மூலையில் இருக்கிற சின்னக் கட்டையை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிடுவாள். அப்படித் திறந்திருந்தால் மெஷின் அதைப் படிக்கும், எழுதாது.

படிப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தாள். நானாக இருந்தால் உள்ளே இருக்கிற கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வேறிடத்தில் சேமித்திருப்பேன். அவள் விடவில்லை.

"திறந்து சேமிச்சா இன்னிக்குத் தேதி வுழுந்துடும்க்கா. எனக்கு லெட்டர் வேணாம், அந்தத் தேதிதான் வேணும். மொத்த ஃபிளாப்பியையும் அப்படியே எடுக்கணும். எழுதின எடம், காலியா இருக்கிற எடம், அழிச்ச எடம் எல்லாம்."

ஒரு ஃபிளாப்பிக்குள் 2,880 துண்டுகள் உண்டாம். பாய் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு நிரல் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை ஒன்று விடாமல் படித்து ஒரே கோப்பாக எழுதியது. அது முடிந்ததும் மெஷினின் படிக்கும் முள்ளை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. பிறகு மூன்றாவது முறை. ஒவ்வொரு முறை எடுத்த கோப்புக்கும் முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் அவள் தன் நோட்டில் எழுதுவாள். ஜூன் வந்தது. ஜூலை வந்தது. செப்டம்பர் இரண்டு முறை கழுவிய பிறகு வந்தது.

ஆகஸ்ட் ஃபிளாப்பி வந்த அன்று எனக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. அழித்த கடிதங்களின் பட்டியலில் ஆங்கிலத்தில் என் பெயர். முதல் எழுத்து எஸ் மட்டும் இல்லை, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

"அழிச்சா மொத எழுத்த மட்டும்தான் எடுக்கும்க்கா. மிச்சம் அப்படியே கெடக்கும்," என்று திறந்து காட்டினாள். 96 ஆகஸ்டில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து பதினெட்டு நாள் விடுப்புக் கேட்ட கடிதம். காய்ச்சலோடு நான் சொல்லச் சொல்ல அவள் அடித்துக் கொடுத்தது. என் சொந்தக் கடிதம் அலுவலக ஃபிளாப்பியில் இருக்கக் கூடாது என்று நான் சொல்லித்தான் அழித்திருக்கிறாள். அவசரத்தில் 'காமாலை' என்பது 'காமலை' என்று விழுந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். அந்தப் பதினெட்டு நாளும் என் வேலையையும் சேர்த்து அவள்தான் பார்த்தாள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர்தான் இழுத்தடித்தது. நான் போட்ட கோடு. ஒன்பது துண்டுகள் எத்தனை முறை கழுவினாலும், எந்த மெஷினில் போட்டாலும் படிக்க வரவில்லை. மாவட்ட மாநாட்டுக்கான அழைப்புக் கடிதம் ஒன்றின் நடுப்பகுதி அது. பாய் களைத்துப் போய்விட்டார்.

"அந்த லெட்டர்ல இன்னா இருந்துச்சுனு உனக்குத்தான் தெரியுமே. ஒம்போது துண்டுதான. நீயே ரொப்பிடேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

"நெனப்புல இருக்கிறத ரொப்பினா அது நகல் இல்ல பாய்."

நோட்டில் எழுதினாள்: அக்டோபர், துண்டு 611 முதல் 619 வரை, படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே கோடு.

இதை நான் கண்ணால் பார்த்தேன். படிக்க முடியாத ஒன்பது துண்டைப் படிக்க முடியவில்லை என்று எழுதினாள் ஒரு தினக்கூலி. அதைக் காலி என்று எழுதவில்லை, தனக்குச் சாதகமாக ரொப்பவும் இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு ஐந்து மாதப் பதிவேட்டைப் படிக்க முடியவில்லை, ஏனென்றால் அது இல்லை. எங்கள் கண்காணிப்பாளர் என்ன எழுதினார்? அவள் இல்லை என்று எழுதினார். மாதம் பிறந்தால் சம்பளம், வருஷம் பிறந்தால் உயர்வு வாங்குகிற மனிதருக்கு இந்த நேர்மை ஒரு துளி இருந்திருந்தால் இவள் ஏழு ஞாயிறு சந்தனம் கழுவியிருக்க வேண்டாம்.

மே 22-ஆம் தேதி, அசல் ஃபிளாப்பிகள் ஐந்து, நகல்கள் அடங்கிய சிடி ஒன்று, ஐந்து சரிபார்ப்பு எண்களும் எழுதிய மனு ஒன்று எல்லாவற்றையும் தபால் பிரிவில் கொடுத்தாள். மனுவின் இரண்டாவது பிரதியில் அலுவலக வட்ட முத்திரை வாங்கிக்கொண்டாள். என்ன எண், எதற்கு என்று கேட்காமலே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். படிக்காமல் முத்திரை குத்துவது எங்களுக்குக் கைவந்த கலை.

சக்கரவர்த்தி அவளைக் கூப்பிட்டார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கவர்மெண்ட் ஃபிளாப்பி உன் வீட்டுக்கு எப்படிப் போச்சு? இதுக்கே உன் மேல நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"குப்பைல போடச் சொன்னீங்க சார். கேட்டுனுதான் எடுத்துனு போனேன்."

"நான் சொல்லல. நான் அப்போதான் இங்க வந்து ஒரு வருஷம்," என்றார். அந்த வருஷக் கணக்கு பின்னால் அவருக்கே வினையாக வந்தது.

அவர் ஒரு காரியம் செய்தார். புதிதாக வந்திருந்த புகழேந்தி என்கிற கம்ப்யூட்டர் ஆளிடம் அசல் ஃபிளாப்பிகளைக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். புகழேந்தி நல்ல பையன்தான். கடிதங்கள் புது மெஷினில் சரியாகத் தெரியவில்லை என்று, மூலையில் இருந்த கட்டையை நகர்த்தி, ஒவ்வொன்றையும் திறந்து, எழுத்துருவை மாற்றி, அதே ஃபிளாப்பியில் சேமித்து வைத்துவிட்டான். உதவி செய்வதாக நினைத்துச் செய்தது. ஐந்து ஃபிளாப்பியிலும் பத்து வருஷத் தேதி போய், 2006 ஜூன் 3 வந்து உட்கார்ந்துவிட்டது. சக்கரவர்த்திக்கு இது தெரிந்து நடந்ததா, தெரியாமலா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும் என்று அவளிடம் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 14-ல் விசாரணை. வேலூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். எங்கள் கூட்ட அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து எல்லோரையும் உட்காரவைத்தார்கள். 96-ல் அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சமிருந்தது நான்கு பேர். அந்த நான்கில் ஒருத்தி நான்.

ஃபிளாப்பியைப் போட்டார்கள். திரையில் வரிசையாக ஜூன் 3, 2006.

"பாருங்க மேடம்," என்றார் சக்கரவர்த்தி. "பதினோரு நாள் முன்னாடி அடிச்சது. இதுக்கு நான் இன்னா சொல்றது?"

சந்திரகலா எழுந்து முத்திரை குத்திய மனுவை நீட்டினாள். "மே 22-ல நான் குடுத்தப்ப இந்த நம்பர் இருந்துச்சு மேடம். என்கிட்ட இன்னொரு சிடி இருக்கு. ஆபீசுக்குக் குடுத்த சிடியும் இருக்கு. ரெண்டையும் இங்கயே போட்டுப் பாருங்க."

போட்டார்கள். அதிகாரி எண்ணை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு சிடியிலும் ஐந்து எண்களும் பொருந்தின. தேதிகள் 96-ல் இருந்தன. அதே எண் எங்கள் அலுவலக முத்திரைக்குக் கீழேயும் இருந்தது. ஃபிளாப்பியை இடையில் யார் திறந்தது என்று கேட்டார். புகழேந்தி எழுந்து நின்று, "நான்தான் மேடம், எழுத்து சரியா தெரியலனு..." என்றான்.

"சரி, இந்த சக யாரு?"

"நான் மேடம். சந்திரகலா."

"நானும் சகதான் மேடம்," என்றார் சக்கரவர்த்தி, சிரித்துக்கொண்டே. "சக்கரவர்த்தி. வெறும் சகவ வச்சு எப்படி முடிவு பண்றது?"

"96-ல நீங்க எங்க இருந்தீங்க?"

சிரிப்பு நின்றது. "ஆரணில மேடம். 99-லதான் இங்க வந்தேன்."

"அப்போ இது நீங்க இல்ல," என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் அந்த அம்மாள் சும்மா விடுகிறவர் இல்லை. நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார். "கம்ப்யூட்டர்ல தேதிய மாத்தி வச்சுட்டு, மே 22-க்கு முன்னாடி அடிச்சிருந்தா?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இங்க 96-ல வேல பாத்தவங்க யாரெல்லாம் இருக்கீங்க? இவங்க அந்த அஞ்சு மாசம் வந்தாங்களா, இல்லையா? யாராவது சொல்லுங்க."

இவ்வளவு நேரம் நான் எல்லோர்மீதும் கொட்டிய கோபத்தை இப்போது என் பக்கம் திருப்ப வேண்டும்.

என் பதவி உயர்வுக் கோப்பு அன்று சக்கரவர்த்தியின் மேசையில் இருந்தது. அவர் ஒரு வரி எழுதினால் போதும், இன்னொரு மூன்று வருஷம் தள்ளிப்போகும். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். 'வந்தா மேடம்' என்று இரண்டு சொல். ஏழு ஞாயிறு அவளோடு உட்கார்ந்த எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் கெட்டவள் நான்.

சந்திரகலா காத்திருந்தாள். பிறகுதான் பேசினாள்.

"மேடம், ஆகஸ்ட் ஃபிளாப்பில அழிச்ச லெட்டர் ஒன்னு இருக்கு. சரோஜாக்காவோட லீவ் லெட்டர். அதோட பேப்பர் அவங்க பர்சனல் ஃபைல்ல இருக்கும். எடுத்துப் பாருங்க."

எடுத்துவரச் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் வந்தது. பாருங்கள், ஐந்தே நிமிஷம். நிரந்தர ஊழியரின் கோப்பு நனையாது, லாரியிலிருந்து விழாது, தொலையாது. பத்து வருஷத்துக்கு முந்தைய என் காமாலை பத்திரமாக இருந்தது. காகிதத்தில் 96 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வட்ட முத்திரை. அதிகாரி சிடியிலிருந்து அந்த அழித்த கடிதத்தைத் திறக்கச் சொல்லி, காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வரி வரியாகப் பார்த்தார். வரி பிரிந்த இடம் ஒன்று. 'காமலை' என்ற பிழையும் ஒன்று. காகிதத்தின் இடது கீழ் மூலையில் 'சக/'.

"இது உங்க லெட்டர்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா மேடம்," என்றேன். அப்போது சொல்வதற்கு ஒரு தைரியமும் தேவைப்படவில்லை.

ஜூன் 27-ல் உத்தரவு வந்தது. நிறுத்துவதற்கு இரண்டு வேலை நாள் முன்னால். அதிலும் புத்தி போகவில்லை: "மேற்படி காலத்தில் தொடர்ந்து பணிபுரிந்ததாகக் கருதப்படுகிறது." பணிபுரிந்தார் என்று எழுதினால் கை தேய்ந்துவிடும். பதிவேட்டைத் தொலைத்ததற்கு ஒருவரிடமும் ஒரு விளக்கமும் கேட்கவில்லை. என் பதவி உயர்வும் அடுத்த மாதமே வந்தது. ஒரு வரிகூடக் குறை எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தார் சக்கரவர்த்தி. அவருக்கு என்ன குறை, நான்தான் வாயே திறக்கவில்லையே.

உத்தரவு கைக்குக் கிடைத்த மறுநாள் சந்திரகலா பால்கோவா வாங்கிவந்தாள். சக்கரவர்த்திக்குக் கொடுத்தாள். அவரும் எடுத்துக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேம்மா," என்றார். புகழேந்திக்கு இரண்டு துண்டு கொடுத்தாள். ஹபீப் பாய்க்கென்று தனியாக ஒரு டப்பா கட்டி வைத்திருந்தாள். எல்லா மேசைக்கும் போய்விட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள்.

"எடுத்துக்குங்கக்கா."

"எம்மேல கோவமா சந்திரா?"

"கோவம்லாம் இல்லக்கா." டப்பாவை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள். "யாராவது சொல்லுங்கனு அந்தம்மா கேட்டாங்க இல்ல, அப்ப நான் உங்களதான் பாத்துனு இருந்தேன். அந்த லெட்டர் பேச்ச எடுக்கவே வேணாம்னுதான் இருந்தேன். நீங்க சொல்லிடுவீங்கனு நெனச்சேன்."

நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அவள் டப்பாவை மூடிவிட்டு, பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.